அம்மாவின் மோதிரத்தில் சுற்றிய நூல்

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்கள் பலவற்றோடு லேப் ரிப்போர்ட்டின் நகலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஓர் எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம். வட்டம் போட்டவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் முதியோர் பேக்கேஜ் ஒன்றை அவருக்காகப் போட்டேன். சி.ஆர்.பி. 11, அல்புமின் 3.2, ஹீமோகுளோபின் 10.1 என்று வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'உடல் நலிவு அபாயம் அதிகம்' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். போன வருடம் 52 கிலோ இருந்தவர் இப்போது 46. ரத்தத்தை வைத்து நலிவைச் சொல்லிவிட முடியுமா? என்ன மருந்து கொடுக்கலாம்?
- ஒரு மகள், பெங்களூரு

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய எண்ணை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 52 கிலோ 46 ஆனது. அதைத் தெரிந்துகொள்ள ஊசி குத்தவே தேவையில்லை.

நலிவு என்பது வெறும் வயதாவது இல்லை. ஒரே தெருவில் 74 வயதுப் பாட்டிகள் இரண்டு பேர். இருவருக்கும் மூன்று நாள் காய்ச்சல். ஒருவர் நாலாம் நாள் எழுந்து வாசல் தெளிக்கிறார். இன்னொருவர் ஒரு மாதம் கழித்தும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார். அவர் உடம்பில் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கிறது. அதைத்தான் நலிவு என்கிறோம். 2001இல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரைட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், 65 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவது, எதைச் செய்தாலும் களைப்பு, கைப்பிடியில் வலுவில்லாமை, மெதுவான நடை, நடமாட்டம் குறைந்துபோவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. இந்த ஐந்தில் ஒன்றுகூட ரத்தத்தில் பார்ப்பது இல்லை.

அப்படியானால் அந்த ரிப்போர்ட் வீணா? இல்லை. அது வேறு ஒரு கதையைச் சொல்கிறது.

வயதாக ஆக, வெளியில் தெரியாத ஒரு மெல்லிய அழற்சி, அதாவது கிருமியோ காயமோ வந்தால் உடம்பு காட்டும் எதிர்ப்பு, பலருடைய உடம்பில் தங்கிவிடுகிறது. இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000இல் இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார். அழற்சி இருக்கும்போது இன்டர்லூகின்-6 என்ற பொருள் ரத்தத்தில் கூடும். அது கல்லீரலுக்குப் போய், அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகம் செய்யச் சொல்கிறது, ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமினைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. கூடவே இரும்புச்சத்தைப் பூட்டிவைக்கும் ஒரு ஹார்மோனையும் கிளப்பிவிடுகிறது. ஹீமோகுளோபின் இறங்குகிறது. தசையும் கரைகிறது. ஆக, உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று எண்களும் மூன்று தனி வியாதிகள் ஆக வேண்டியதில்லை. ஒரே காரணம் மூன்று இடத்தில் தலைகாட்டியிருக்கலாம்.

ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால், இன்டர்லூகினும் சி.ஆர்.பி.யும் கூடுதலாக உள்ளவர்களிடம் நலிவு அதிகமாகத் தென்படும். இது பல ஆய்வுகளில் வந்த உண்மைதான். ஆனால் உங்கள் அம்மா ஆயிரம் பேர் இல்லை, ஒருவர். அந்த ஒருவருக்கு 11 என்பது சொத்தைப் பல்லாக இருக்கலாம், சிறுநீரில் கிருமியாக இருக்கலாம், போன வாரம் வந்து போன சளியாகவும் இருக்கலாம். சி.ஆர்.பி. ரத்தத்தில் ஒரு நாளுக்குள் பாதியாகக் குறையக்கூடியது. அதனால் இரண்டு, மூன்று வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால்தான் அதற்கு அர்த்தம் கூடுகிறது.

ஆனால் மற்ற தேடலை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். எடைக் குறைவு, ரத்தசோகை, அழற்சி மூன்றும் சேர்ந்து வரும்போது நம் ஊரில் டி.பி.யை மறக்கவே கூடாது. மார்பு எக்ஸ்ரே, இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. தைராய்டு, சர்க்கரை, சிறுநீர். மலத்தில் ரத்தம் போகிறதா, வயிற்றில் எங்காவது கட்டி இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். கடையில் டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இன்னொன்று: இரும்புச்சத்தை அளக்க ஃபெரிட்டின் பார்ப்பார்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். எனவே அது நார்மல் என்பதால் மட்டும் இரும்புச்சத்து போதுமென்று முடிவுகட்ட முடியாது. பி12ம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மோதிரத்தின் அடியில் நூல் சுற்றிப் போட்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்த நூலைப் பார்த்திருக்கிறேன். பல மாதம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. விரல் மெலிந்து மோதிரம் கழன்று விழுவதால் சுற்றிய நூல் அது. ஒரு நாள் ரவிக்கை தைக்கிறவர் "அம்மாவுக்கு அளவு ரொம்பக் குறைஞ்சிடுச்சே" என்று சொன்ன பிறகுதான் எடை பார்த்தேன். ஐந்து கிலோ போயிருந்தது. சி.ஆர்.பி. 14. எங்கெங்கோ தேடினோம். கடைசியில் பல் செட்டின் அடியில் ஈறு புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. மெல்ல முடியாமல் குழைந்த தயிர்சாதம் மட்டுமே சாப்பிட்டு வந்திருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். பல் மருத்துவர் சரிசெய்து, புது செட் போட்டு, மூன்று மாதத்தில் மூன்று கிலோ கூடினார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது, எதை ஒதுக்குகிறார் என்று கூட உட்கார்ந்து பாருங்கள். தனியாக இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஆளுக்காக எதற்குச் சமைப்பது என்று விட்டுவிடுகிறாரா, மனசு சரியில்லையா என்பதையும் கேளுங்கள். போனில் கேட்டால் "நல்லா சாப்பிடறேன்மா" என்றுதான் பதில் வரும்.

சி.ஆர்.பி. குறைய மஞ்சள் கேப்ஸ்யூல் எடுக்கலாமா?
- வாசகர், ஈரோடு

ஏறியதற்குக் காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் இறக்குவதில் பயன் இல்லை. சமையலில் போடும் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். அடர்த்தியாக்கிய கேப்ஸ்யூல் வேறு விஷயம்: அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் கூடலாம்.

மாமனாருக்கு 81 வயது, 43 கிலோ. கிரியேட்டினின் 0.6. "இளைஞர் கிட்னி" என்று லேபில் சொன்னார்கள். சந்தோஷப்படலாமா?
- மருமகள், தஞ்சாவூர்

கொஞ்சம் பொறுங்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை இருந்தால்தான் கிரியேட்டினின் உற்பத்தியாகும். 43 கிலோ உடம்பில் தசையே குறைவு. சிறுநீரகம் பாதி வேகத்தில் வேலை செய்தாலும் எண் அழகாகவே தெரியும். மெலிந்த முதியவரின் 0.6ஐப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது தசை எங்கே போயிற்று என்ற கேள்விதான்.

சிஸ்டாட்டின்-சி என்று ஒரு பரிசோதனை உண்டு. அது தசையை மட்டும் நம்பியிருப்பதில்லை. உடம்பின் பெரும்பாலான செல்களிலிருந்து வருவதால், மெலிந்தவர்களின் சிறுநீரகத்தைக் கணிக்க அது நல்ல துணை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தசை எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் ஓரளவு ஊகிக்கலாம். விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. எல்லாருக்கும் அவசியம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகளின் அளவை முடிவு செய்யும்போது இது பெரிய விஷயமாகிவிடும்.

இதை நான் என் அப்பாவிடம் கண்டேன். 79 வயதில் கால் நரம்பு வலிக்காக ஒரு மருத்துவமனையில் காட்டினோம். கிரியேட்டினின் நார்மல் என்று முழு டோஸ் மாத்திரை எழுதினார்கள். அவரை எடை மேடையில் யாரும் ஏற்றவில்லை. இரண்டு நாள் தூங்கி வழிந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை பாத்ரூமில் விழுந்தார். இடுப்பு எலும்பு தப்பித்தது. ஆனால் தனியாக நடக்கும் தைரியம் அதன் பிறகு அவருக்குத் திரும்பவே இல்லை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உங்கள் மாமனாருக்கு எந்தப் புது மருந்து எழுதினாலும், "டாக்டர், இவர் 43 கிலோதான், 81 வயது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு வயது 83. சர்க்கரையை அபாரமாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார், மூன்று மாதச் சராசரி 6.1. ஆனால் ஆளே வற்றிக்கொண்டு வருகிறார்.
- மகன், சேலம்

அவர் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கிறார் என்றால், 83 வயதில் வற்றிக்கொண்டு வரும் ஒருவருக்கு 6.1 அபாரம் இல்லை, ஆபத்து. ராத்திரி சர்க்கரை சரிந்து விழுவதற்கு வழி அது. இப்படித் தளர்ந்தவர்களுக்கு 8க்குக் கீழ் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கிறார் என்றால் பி12 பாருங்கள், அது குறையும். சிலருக்குப் பசியையும் எடையையும் அதே மாத்திரை குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போய், மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வைட்டமின் டி 9 என்று வந்தது. 60,000 யூனிட் மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று சாப்பிட்டு வருகிறேன், இருபது நாள் ஆகிறது. வாய் வறட்சி, மலச்சிக்கல். தொடரலாமா?
- வாசகி (70), நாகர்கோவில்

இந்த வரியைப் படித்தவுடன் நிறுத்திவிடுங்கள் அம்மா. 60,000 என்பது பொதுவாக வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வருபவர்களை நான் வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன். சீட்டில் எழுதியது புரியாமல் போகிறது, கடையிலும் சொல்வதில்லை. அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சிலருக்குக் குழப்பம். நாளைக்கே கால்சியமும் கிரியேட்டினினும் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே கால்சியம் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நலிந்தவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. ஆனால் எது முதலில் வந்தது? முட்டி வலியால் படி இறங்காதவர், விழுந்துவிடுவோம் என்று வெயிலுக்கே வராதவர். அவருக்கு டி குறையாமல் எப்படி இருக்கும்? நலிவால் குறைந்ததை, குறைந்ததால்தான் நலிவு என்று திருப்பிப் படித்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். விழுவதும் முறிவதும் கூடியது. 2010இல் வந்த முடிவு இது. குறைவு இருந்தால் அளவாக ஈடுகட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பலம் வந்துவிடாது.

நான் சைவம், 48 கிலோ, வயது 69. அல்புமின் குறைவு என்பதால் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். டப்பா விலை கேட்டாலே மயக்கம் வருகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அல்புமின் குறைந்தாலே சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரி அழற்சியிலும் குறையும். கல்லீரல் கெட்டாலும், சிறுநீரில் புரதம் போனாலும் குறையும். சிறுநீரில் புரதம் பார்க்கிற சின்னப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் சாப்பாட்டுக்கு வருவோம். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். உங்களுக்கு 48 முதல் 58 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் குழம்பு சாதம், ராத்திரி ரசம் சாதம் என்றால் இதில் பாதியைத் தொடுவதே கஷ்டம். குறிப்பாக ராத்திரி. வயசானால் ராத்திரி லேசாக ரசம் சாதம் போதும் என்ற பழக்கம் நம் வீடுகளில் தசையைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம். ஒரு கிண்ணம் கெட்டித் தயிரிலும் அதே அளவு. ஒரு கை நிறைய வேர்க்கடலை, 30 கிராம் என்று வையுங்கள், அதில் ஏழு கிராம். அதே எடை துவரம்பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் சுமார் ஆறு. 50 கிராம் பன்னீரில் ஒன்பது. பருப்பைத் தண்ணீராகக் கரைத்துவிடாமல் கெட்டிக் கூட்டாக வையுங்கள். மெல்ல முடியாவிட்டால் சுண்டலை மசித்துக்கொள்ளலாம், கடலையைப் பொடித்துத் துவையலாக்கலாம். டப்பா வேண்டாம்.

ஆனால் சாப்பிட்டால் மட்டும் தசை வளராது. 1994இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நூறு பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. எடை தூக்கிக் காலுக்குப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரண்டு மடங்காகியது. அதற்கு நாலு வருடம் முன்னால் அவர் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கே இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தவர். எட்டு வாரத்தில் அவர்கள் கால் வலு இரண்டரை மடங்கைத் தாண்டியது. உங்களுக்கு 69தான் டீச்சர். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை வேளைக்குப் பத்து முறை என்று தொடங்குங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

வயது 78. மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தேன். எல்லாமே நார்மல். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. சிக்னல் மாறுவதற்குள் ரோட்டைக் கடக்க முடியவில்லை. "ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே" என்று வீட்டில் நம்ப மறுக்கிறார்கள்.
- வாசகர், திருச்சி

நான் நம்புகிறேன் ஐயா. இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். சி.ஆர்.பி. நார்மலாக, ஹீமோகுளோபின் 14 ஆக இருந்துகொண்டே நலிவு வரலாம். கால் சொல்வதை ரத்தம் சொல்லாமல் போகலாம்.

வீட்டில் யாரையாவது வைத்து இரண்டு விஷயம் செய்யுங்கள். கூடத்தில் நாலு மீட்டர் தூரத்துக்குச் சாக்பீஸில் இரண்டு கோடு. வழக்கமான வேகத்தில் நடங்கள், போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். நாலு விநாடிக்கு மேல் ஆனால் நடை வேகம் குறைவு. அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை தளர்ந்திருக்கிறது. ஆசிய நாடுகளின் தசைத் தளர்ச்சிக் குழு 2019இல் வகுத்த அளவுகள் இவை. அந்த எண்களை எழுதி ரிப்போர்ட்டின் மேலேயே பின் பண்ணி வையுங்கள். வீட்டில் காட்டுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், தூக்க மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை உட்பட. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, உட்கார்ந்தால் விடுகிறதா? அது காலின் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கமோ மூச்சு வாங்குவதோ இருந்தால் இதயத்தைப் பார்த்த பிறகுதான் பயிற்சி. கண்புரையையும் முட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு நடை. 2014இல் அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1635 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு நடையும் கால் பயிற்சியும் ஒழுங்காகக் கொடுத்ததை வெளியிட்டார்கள். சராசரியாக இரண்டரை வருடத்துக்கு மேல் தொடர்ந்தது. 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் நிலை அவர்களிடம் 18 சதவீதம் குறைந்தது. நீங்கள் கேட்பதும் அதே 400 மீட்டர்தான், தெருமுனைக் கடை. வெளியே போவது சிரமமாக இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், கிண்டியில் இருக்கும் தேசிய முதியோர் நல மையத்தில் முழுதாக ஒரு முறை காட்டிக்கொள்ளலாம்.

இன்றைக்கு எத்தனை விநாடி, மூன்று மாதம் கழித்து எத்தனை விநாடி, இரண்டையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள் ஐயா. நடுவில் எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சேர்த்து.